வெள்ளைக்காரர்களுக்கான மேசை

வெளிநாட்டுக்குப் போனால் கடிகாரத்தைத் திருப்பி வைக்க வேண்டும் என்று யாரோ தர்ஷினிக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். சென்னை விமான நிலையத்தில் என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்தாள். அடுத்த நிமிடமே கைக்கடிகாரத்தின் திருகைப் பிடித்துக்கொண்டு, "எத்தன மணிக்குத் திருப்பணுங்க அத்த?" என்று கேட்டாள். ஒன்றும் திருப்ப வேண்டாம், இலங்கையில் அட்டனிலும் இங்கேயும் ஒரே நேரம்தான் என்றதும் முகம் சுண்டிவிட்டது. முதல் வெளிநாட்டுப் பயணத்தில் இந்தச் சின்ன மரியாதைகூட இல்லையா என்று தோன்றியிருக்கும். மறுநாள் போர்ட் பிளேர் வந்தோம். அங்கே கராச்சர்மாவில் எங்கள் வீட்டு வாசலில் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தவள், ஐந்தேகாலுக்கெல்லாம் இருட்டிவிட்டதைப் பார்த்துக் கடிகாரத்தைக் கழற்றிக் காதில் வைத்துப் பார்த்தாள். அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. தில்லிக்காரர்கள் வைத்த நேரத்துக்கு இந்தத் தீவுகளின் சூரியன் என்றைக்குமே கட்டுப்பட்டதில்லை. எனக்கு அது நாற்பது வருடப் பழக்கம், அவளுக்கு அன்றுதான் முதல் நாள்.

தர்ஷினி என் அண்ணன் மகள். வயது பதினாறு. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த சமயம் அது. மலைநாட்டிலிருந்து இதைப் படிக்கும் உங்களுக்கு எங்கள் கதையை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் தோட்டத்து லயத்திலும் இப்படி ஒரு குடும்பம் பாதியாகப் பிரிந்து போயிருக்கும். எனக்குப் பத்து வயதானபோது அப்பாவும் அம்மாவும் நானும் இந்தியப் பிரஜைகளாகிக் கப்பல் ஏறினோம். அண்ணன் தனியாக மனுப்போட்டு இலங்கைப் பிரஜையாகி அங்கேயே தங்கிவிட்டார். நாங்கள் மண்டபம் முகாம் வழியாக, முன்பின் பேர்கூடக் கேட்டிராத நிக்கோபார் பக்கத்துக் கட்சால் தீவுக்கு ரப்பர் வெட்ட வந்து சேர்ந்தோம். அண்ணன் அட்டனில் சின்னதாகக் கடை போட்டார். இத்தனை வருடத்தில் நாங்கள் பார்த்துக்கொண்டது இரண்டே தடவை. கடைசிப் பிள்ளையை என்னிடம் அனுப்பும்போது, "ஒன் கையில குடுத்துட்டேன். அப்பா இருந்த எடத்தையும் அவளுக்குக் காட்டிரு" என்றார் போனில். கட்சாலுக்குப் பாஸ் வாங்க வேண்டும், அவ்வளவுதானே, வாங்கிவிடலாம் என்று நானும் வாக்குக் கொடுத்தேன். வாய் முந்திக்கொள்வது எனக்குப் பிறவிக் குணம்.

அந்தக் குணம்தான் விமான நிலையத்திலும் வேலையைக் காட்டியது. போர்ட் பிளேரில் இறங்கி வெளியே வரும் வழியில் ஒரு மேசை போட்டிருப்பார்கள். அதன் பின்னால் ஒரு போலீஸ்காரர் இருப்பார், முன்னால் வெள்ளைக்காரர்கள் முதுகுப்பையோடு நின்று படிவம் எழுதுவார்கள். எத்தனையோ தடவை அதைக் கடந்து போயிருக்கிறேன், ஒரு தடவைகூட நின்று படித்ததில்லை. தர்ஷினி படித்தாள். "அத்த, ஃபொரினர்ஸ் இங்க பதியணும்னு போட்டிருக்குங்க" என்று அந்தப் பக்கம் திரும்பினாள். "அது வெள்ளக்காரங்களுக்கு, நீ வா. மாமா வெளிய ஆட்டோ வச்சுக்கிட்டு நிக்கிறாரு" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். போலீஸ்காரர் ஏறிட்டும் பார்க்கவில்லை. அத்தை கையைப் பிடித்துப் போகும் ஒரு சுடிதார்ப் பெண்ணிடம் அவர் எதைக் கண்டுபிடிக்க முடியும்?

ஐந்து நாள் ஆனந்தமாகப் போனது. அபர்தீன் பஜாரில் அவள் கண்ணாடி வளையலைப் படமெடுத்தாள், மணிக்கூண்டைப் படமெடுத்தாள், வெங்காய மூட்டையைக்கூட விடவில்லை. என் கணவர் ஹேடோ துறைமுகத்தில் வேலை பார்ப்பவர். மெயின்லேண்டிலிருந்து கப்பல் வரப் பிந்தினால் வெங்காயம் விலையேறும் என்று அவர் சொன்னதை ஏதோ புதினத்தைப் போலக் கேட்டாள். கடைக்காரர்கள் எல்லோரும் என்னிடம் அதே கேள்வியைத்தான் கேட்டார்கள், "மெயின்லேண்ட்ல எந்த ஊரு?" நான் கட்சால் என்பேன். கட்சாலில் எங்களை சிலோன்காரர் என்றார்கள். சிலோனில் என் அண்ணன் இன்றைக்கும் இந்திய வம்சாவளி. கேட்கிறவர்களுக்கு ஒரு ஊர்ப் பெயர் வேண்டும், நமக்கு அதைச் சொல்ல அரை மணி நேரம் வேண்டும்.

ஆறாம் நாள் நீல் தீவுக்குப் படகுச்சீட்டு எடுக்கப் போனோம். படிவத்தில் என் பெயருக்கு நேராகத் தீவுவாசிகளுக்குக் கொடுக்கும் ஐலண்டர் கார்டு எண்ணை எழுதினேன், அவள் பெயருக்கு நேராகப் பாஸ்போர்ட் எண்ணை எழுதினேன். கவுண்டரில் இருந்தவர் இரண்டையும் பார்த்துவிட்டு, "பேட்டி ஹை?" என்று கேட்டார். மகள் இல்லை, அண்ணன் மகள் என்பதற்கு "பதீஜி" என்றேன். "பதீஜி ஹை தோ விதேசி கைஸே?" என்றார். அண்ணன் மகள் என்றால் எப்படி வெளிநாட்டுக்காரி ஆவாள்? நியாயமான கேள்விதான். நான் பதில் யோசிப்பதற்குள் அவர் அடுத்ததைக் கேட்டுவிட்டார், "பர்மிட் கஹான் ஹை?" டிக்கெட்டுக்குத்தானே பணம் வைத்திருக்கிறேன், பர்மிட் எதற்கு பய்யா என்று நான் இழுக்க, அவர் பாஸ்போர்ட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். வெளிநாட்டுக்காரர்கள் இந்தத் தீவுகளில் இறங்கும்போதே அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும், அது இல்லாமல் இருப்பது குற்றம் என்று அவர் சொல்லச் சொல்ல, எனக்கு அந்த மேசை கண்முன்னே வந்து நின்றது. அவர் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவாரோ என்று பயம். நல்லவேளை, பின்னால் இருந்தவர்கள் அவசரப்படுத்தினார்கள். பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு, தர்ஷினியின் கையைப் பிடித்து, ஓடாத குறையாக வெளியே வந்தேன். கராச்சர்மா பஸ்ஸில் உட்கார்ந்த பிறகும் பாஸ்போர்ட்டைப் பைக்குள் வைக்காமல் கையிலேயே பிடித்திருந்தேன்.

என் கணவர் ராமநாதபுரத்துக்காரர், எதற்கும் அசரமாட்டார். "அவ மூஞ்சியில எழுதியா ஒட்டியிருக்கு? சும்மா கெட. இன்னும் எட்டு நாள், வந்த மாதிரியே போயிருவா" என்றார். அது எனக்கும் வசதியாகத்தான் இருந்தது. ஆனால் எட்டு நாளை எப்படிக் கழிப்பது? தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் கதவைச் சாத்தினேன். பிள்ளையை வெளியே விடவில்லை. ஜன்னலோரம் நிற்காதே என்றேன், அட்டன் என்று சத்தமாகச் சொல்லாதே என்றேன். பக்கத்து வீட்டு வங்காளி அம்மா மதில்மேல் எட்டிப் பார்த்து, வந்திருப்பது யார் என்று, "கோன் ஆயி ஹை, பாபி?" எனக் கேட்டபோது, "கட்சால் ஸே, ரிஷ்தேதார்", கட்சாலிலிருந்து வந்த உறவு என்று பொய் சொன்னேன். ஒரு பாவமும் அறியாத பிள்ளையை நாடுகடத்தி, இனி இந்தப் பக்கமே வரவிடாமல் கறுப்புப் பட்டியலில் போட்டுவிட்டால் அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பேன்? அவரிடமிருந்து போன் வரும்போதெல்லாம், எல்லாம் சுகம் என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன்.

காகிதம் என்றால் எனக்கு இத்தனை பயம் ஏன் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் அப்பா எல்லாக் காகிதங்களையும் ஒரு பால்மா டின்னில் வைத்திருந்தார். குடியுரிமைப் பத்திரம், குடும்ப அட்டை, முகாமில் கொடுத்த துண்டுச்சீட்டு வரைக்கும் அதில் இருந்தன. மழை வந்தால் முதலில் அதைத்தான் தூக்கி வைப்பார். சுனாமி வந்த காலையில் நான் ஹேடோ குவார்ட்டர்ஸில் இருந்தேன், அவர் கட்சாலில் படகு ஜெட்டிக்குப் பக்கத்தில் இருந்தார். அம்மா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். எல்லோரோடும் சேர்ந்து அப்பாவும் மேட்டுக்கு ஏறிவிட்டாராம். ஏறியவர், டின்னை விட்டுவிட்டேனே என்று திரும்பி இறங்கினாராம். கூட இருந்தவர்கள் சட்டையைப் பிடித்து இழுத்தும் நிற்கவில்லையாம். பிறகு அவரும் கிடைக்கவில்லை, டின்னும் கிடைக்கவில்லை. அவர் இறந்துவிட்டார் என்று எழுதி வாங்கப் போன இடத்தில், அவர் இருந்தார் என்பதற்குக் காகிதம் கேட்டார்கள். இரண்டு வருடம் அலைந்தேன். அந்தக் காகிதங்களின் மேல் எனக்கு இன்னமும் ஆத்திரம் தீரவில்லை. அவை இல்லாமல் வாசலைத் தாண்டவும் துணிச்சல் இல்லை.

அடைத்துவைத்த இரண்டாம் நாள் மத்தியானம், சோற்றைப் பிசைந்தபடி தர்ஷினி சொன்னாள், "நாம போயிச் சொல்லிருவோங்க அத்த."

"சொன்னா புடிச்சு வச்சிருவாங்க புள்ள. ஒனக்கு இங்கத்த விஷயம் தெரியாது."

"ஒளிஞ்சிருக்கறது எனக்குத் தெரியுங்க. சண்ட நடந்த காலத்துல கொழும்புக்குப் போறப்ப, செக்பொயின்ட் வந்தா அப்பா எங்கள வாயத் தொறக்காதீங்கம்பாரு. ஐடென்டிட்டி காட் இல்லாம அவரு கடைக்குக்கூடப் போகமாட்டாரு." சோற்றைத் தள்ளி வைத்தாள். குரல் உடையவில்லை. "இங்கயும் அப்பிடியே இருக்கறதுக்கா வந்தேன்? நான் டூர் வந்திருக்கேங்க அத்த."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் குடும்பத்தில் யாரும் டூர் போனதில்லை. கூலிக்குப் போயிருக்கிறோம், முகாமுக்குப் போயிருக்கிறோம், அனுப்பிய இடத்துக்கெல்லாம் போயிருக்கிறோம். பார்த்துவிட்டுத் திரும்பி வர வேண்டும் என்பதற்காகவே கடல் தாண்டிய முதல் ஆள் இவள்தான். இவளை நான் மூட்டை மாதிரி வீட்டுக்குள் பதுக்கி வைத்திருக்கிறேன்.

மறுநாள் காலை வெளிநாட்டுக்காரர்களைப் பதியும் போலீஸ் அலுவலகத்துக்குப் போனோம். கணவர் வரவில்லை, "வம்ப வெல குடுத்து வாங்குற" என்று மட்டும் சொல்லி அனுப்பினார். அங்கே இருந்த அதிகாரிக்கு என் வயதிருக்கும். எனக்குத் தெரிந்த இந்தியில் நடந்ததைச் சொன்னேன். அவர் என் கார்டையும் அவள் பாஸ்போர்ட்டையும் அருகருகே வைத்து, ஸ்ரீலங்காப் பெண் உங்களுக்கு எப்படி உறவு என்று கேட்டார். நானும் அங்கேதான் பிறந்தேன் என்றேன். எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்து, "தோ ஆப் கா பர்மிட்?" என்றார், அப்படியானால் உங்கள் பர்மிட் எங்கே என்று.

பையிலிருந்து ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, அலைந்து வாங்கிய நகல்கள் எல்லாவற்றையும் எடுத்து அவர் மேசையில் பரப்பினேன். பத்து வயதில் வந்ததையும், கட்சால் ரப்பர் தோட்டத்தையும், அப்பா போனதையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டினேன். அவர் ஒரு காகிதத்தையும் தொடவில்லை. "தீக் ஹை, தீக் ஹை, பைட்டியே" என்று நாற்காலியைக் காட்டினார். விளையாட்டுக்குக் கேட்டாரா, நிஜமாகவே கேட்டாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சிரிக்கவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

வந்த அன்றே ஏன் பதியவில்லை என்று தர்ஷினி கைப்பட எழுதித்தர வேண்டும் என்றார். அவள் ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதினாள். அவர் படித்துவிட்டு ஒரு வரியை அடித்தார், வேறு எழுதச் சொன்னார். அவள் மறுபடி எழுதிக் கொடுத்ததும் உள்ளே எடுத்துக்கொண்டு போனார். நாங்கள் பெஞ்சில் காத்திருந்தோம். கதவு திறக்கும்போதெல்லாம் நான் எழுந்து நின்றேன், அவள் என் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தாள். எந்த வரியை அடித்தார் என்று கேட்டேன். "எங்க அத்தைக்கு நான் வெளிநாட்டுக்காரின்னு தோணலன்னு எழுதியிருந்தேங்க. அது காரணமாகாதாம். கவனக்குறைவுன்னு போடச் சொன்னாரு."

மதியத்துக்குள் அனுமதிச்சீட்டு வந்தது. அடுத்த தடவை வரிசையில் நின்று வாருங்கள் என்று கண்டித்து அனுப்பினார். வாசற்படியில் இறங்கும்போது அங்கேயே உட்கார்ந்து அழுதுவிடலாம் போலிருந்தது. தர்ஷினி சீட்டின் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டு வந்தாள். எந்தெந்தத் தீவில் தங்கலாம், எங்கே பகலில் மட்டும் போய் வரலாம் என்று வரிசையாக அச்சடித்திருந்தது. விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தாள், மறுபடி மேலே போனாள்.

"கட்சாலு இதுல இல்லியேங்க அத்த."

நிக்கோபாருக்கு வெளிநாட்டுக்காரர்களை விடுவதில்லை என்பது எனக்குத் தெரியாத விஷயமல்ல. அவளை வெளிநாட்டுக்காரியாக நினைத்திருந்தால்தானே அது ஞாபகத்துக்கு வந்திருக்கும். சொன்னேன். அவள் சீட்டை மடித்துப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்தாள். அப்பாவை நிக்கோபார் கடல் கொண்டுபோனது. அந்தக் கடலின் ஓரத்தில் நிற்கப் பேத்திக்கு அனுமதி இல்லை. அன்றிரவே அண்ணனுக்கு நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர், "சரி விடு, ரூல்னா ரூல்தானே" என்றார். எங்கள் குடும்பத்தில் எல்லோரும் சொல்லப் பழகிய வாசகம் அது.

மிச்ச நாளில் நீல் தீவு பார்த்தாள், சிடியா டாப்பூவில் சூரியன் மறைவதைப் பார்த்தாள். ஜீப் சத்தம் கேட்டால் மட்டும் நான் இன்னமும் திரும்பிப் பார்த்தேன். புறப்படும் நாள் வந்தது. சென்னை வரைக்கும் நானும் கூடப் போகிறேன். விமான நிலையத்துக்குள் நுழைந்ததும் சீட்டைத் திருப்பிக் கொடுக்கும் மேசையைத் தேடினேன். எனக்கு முன்பே அவள் கண்டுவிட்டாள். என் கையிலிருந்து தன் பையை மெல்ல வாங்கிக்கொண்டு, இரண்டு வெள்ளைக்காரர்களுக்குப் பின்னால் போய் மூன்றாவது ஆளாக நின்றாள். நான் எங்கள் வரிசையில் நின்றேன், நடுவில் ஒரு நைலான் கயிறு.

அவள் முறை வந்தபோது போலீஸ்காரர் அவள் முகத்தைப் பார்த்தார், எங்கள் வரிசையைக் கையால் காட்டினார். "உதர், உதர்" என்றார். என் கால் என்னை அறியாமல் ஒரு எட்டு முன்னே போய்விட்டது. அதற்குள் தர்ஷினி தலையை ஆட்டிப் பாஸ்போர்ட்டை மேசைமேல் வைத்தாள்.

"நோ சார். ஐ ஆம் எ ஃபொரினர்."

நிதானமாக, தெளிவாகச் சொன்னாள். பிள்ளை கெட்டிக்காரி, இனி எந்த ஊரிலும் வழிதப்பமாட்டாள், நிம்மதிதான். ஆனாலும் போலீஸ்காரர் சீட்டை வாங்கி முத்திரை குத்துவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் நின்றவர் "ஆகே படியே" என்று இரண்டு தடவை சொன்ன பிறகுதான், முன்னால் நகரச் சொல்வது என்னைத்தான் என்று விளங்கியது.