ஏழாம் அறையின் ஐந்தாவது பெயர்

மாசி மாதத்தில் ஒரு புதன்கிழமை. கல்லூரி விடுதியில் மதியச் சாப்பாட்டு வரிசையில் நின்றபோது பெரியப்பாவிடமிருந்து போன் வந்தது. தாயில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவர் மேனேஜர். “கம்பெனில ஒரு சத்தம். டிவில சொல்லுவாக, நீ பதறாத. நம்ம ஆளுக யாருக்கும் ஒண்ணும் இல்ல” என்றார். நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். மோர் இரண்டாம் தடவையும் வாங்கிக் குடித்தேன். கை கழுவிக்கொண்டிருந்தபோது பள்ளித் தோழன் ஒருவன் அழைத்து, ஏழாம் அறை தரைமட்டம் என்றும், உள்ளே இருந்த ஐந்து பேரும் போய்விட்டார்கள், அவர்களில் ஒருவர் காளிராஜ் என்றும் சொன்னான். பெரியப்பா சொன்ன ‘நம்ம ஆளுக’ கணக்கில் காளிராஜ் இல்லை.

பதினாறாம் நாளன்று பள்ளி நண்பர்கள் வெளியிடும் நினைவு மலருக்கு என்னிடம் கட்டுரை கேட்டார்கள். நல்லதாக நாலு வார்த்தை எழுது, கம்பெனிப் பேச்சு வேண்டாம் என்றார்கள். இறந்தவரை ‘அவர்’ என்று எழுதுவதுதான் முறை என்றும் சொன்னார்கள். எழுதுகிறேன். என்னைவிட மூன்று மாதம் மூத்தவர். உயிரோடு இருந்த நாளெல்லாம் நான் அவரை ‘ஏலே’ என்றுதான் கூப்பிட்டேன். அவருடைய தாயார் சீனியம்மாளோ, நான் நிலபுலன் உள்ள வீட்டுப் பிள்ளை என்பதால், என்னை ஏழு வயதிலிருந்தே ‘வாங்க தம்பி’ என்றார். எங்கள் ஊரில் மரியாதை எப்படி விநியோகமாகிறது என்பதற்கு இது போதும்.

பன்னிரண்டாம் வகுப்பில் நாங்கள் இருவரும் சட்டப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்கு ஒன்றாகப் படித்தோம். தபாலில் வந்த பயிற்சிப் புத்தகங்கள் என்னுடையவை. அவற்றில் புதிர்ப் பகுதி என்று ஒன்று உண்டு. எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள், முதலாமவர் மூன்றாமவருக்குப் பக்கத்தில் இல்லை, இன்னொருவர் வக்கீலுக்கு எதிரே இருக்கிறார், யார் எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். ஐந்து கேள்வி வந்தால் நான் ஒன்று சரியாகச் செய்வேன், அதுவும் குருட்டாம்போக்கில். தோன்றிய ஆளைத் தோன்றிய இடத்தில் உட்காரவைத்துவிட்டுப் பாதி வழியில் முட்டி நிற்பேன். பிறகு அழிப்பேன். தாள் கிழியும்வரை அழிப்பேன்.

காளிராஜுக்கு ஆங்கிலம்தான் தகராறு. நான் கேள்வியைத் தமிழில் சொல்வேன். அச்சகத்தில் வீணான பட்டாசு லேபிள்களின் வெள்ளைப் பக்கத்தில் அவர் கட்டம் போடுவார். ஒரு நாள் நான் அழித்துக்கொண்டிருந்த ரப்பரைப் பிடுங்கி வைத்துக்கொண்டு சொன்னார்: “யார எங்க வைக்கலாம்னு பாக்காதலே. யார எங்க வைக்கக் கூடாதோ அத மொதல்ல எழுது. மிச்சம் தானா வந்து உக்காந்துக்கிடும்.”

இதை எங்கே கற்றாய் என்று கேட்டேன். பள்ளி விடுமுறைகளில் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில் என்றார். பெரியப்பா மேனேஜராக இருக்கும் அதே கம்பெனி. எந்த மருந்தோடு எந்த மருந்து சேரக் கூடாது, எந்த அறைக்குப் பக்கத்தில் எது இருக்கக் கூடாது என்று அங்கே எல்லாமே கூடாதுதான். ஒவ்வொரு அறைச் சுவரிலும் நான்கு பேருக்கு மேல் கூடாது என்று சிவப்புப் பெயின்டில் எழுதியிருக்கும். சுவரில் எழுதியிருந்ததை மனப்பூர்வமாக நம்பிய ஒரே ஆள் அந்தக் கம்பெனியில் அவராகத்தான் இருக்க வேண்டும்.

அவர் சொன்னபடி செய்தேன். இரண்டு மாதத்தில் ஐந்துக்கு நான்கு வந்தது. அவருக்கு ஐந்துக்கு ஐந்து. பதிலுக்கு நான் கொடுத்த ஆங்கிலமும் அவருக்கு ஓரளவு பிடிபட்டது.

மதுரையில் தேர்வு எழுதினோம். அதில் ஒரு புதிர்: ஒன்பது பயணிகளை ஒரு விடுதியின் இரண்டு அறைகளில் பிரித்துத் தங்கவைக்க வேண்டும். எனக்கு நான்கு நிமிடத்தில் விடை வந்தது, ஓர் அறையில் ஐந்து பேர், இன்னொன்றில் நான்கு. வெளியே வந்தபோது அவர் முகம் செத்துப்போயிருந்தது. அந்தக் கேள்வியிலேயே இருபது நிமிடம் போய்விட்டதாம். “ஒரு ரூமுக்கு நாலு பேருக்கு மேல எப்பிடிலே? கேள்வில அச்சுப் பிழைன்னு நெனச்சேன்” என்றார். நான் சிரித்தேன். பஸ்ஸில் சிவகாசி வரும்வரை சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

எனக்கு இடம் கிடைத்தது. அவருக்குக் கொஞ்ச மார்க்கில் போனது. தீப்பெட்டி ஆபீசில் பெட்டி ஒட்டும் தாயாரின் கூலியில் மட்டும் வீடு நடக்காது என்று, அடுத்த வருடம் மறுபடி எழுதும்வரை அந்தக் கம்பெனிக்கே வேலைக்குப் போனார். புதுப் புத்தகங்களை அனுப்புகிறேன் என்றேன். அனுப்பவில்லை. மறதி இல்லை, சோம்பல். பல்கலைக்கழகத்தில் எனக்குப் புது நண்பர்கள் கிடைத்திருந்தார்கள்.

இனி எழுதப்போவதைத்தான் மலர்க்குழு விரும்பாது.

பொங்கல் விடுமுறைக்கு வந்திருந்தேன். ஆய்வுக்கு அதிகாரி வருகிறார், அறைவாரியாக ஆள் பட்டியல் எழுதி ஆபீசில் மாட்ட வேண்டும் என்று பெரியப்பா ஒரு தாளோடு வந்தார். வேலை பார்ப்பவர்கள் நாற்பத்தொரு பேர், அறைகள் பத்து. அண்ணன் தம்பிகள் ஒரே அறையில் கூடாது, புது ஆட்கள் இருவர் சேரக் கூடாது, அறைக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது. “நீதான் இந்தப் புதிரெல்லாம் போடுவியே, போட்டுக் குடு. மிஞ்சுறவன லீவுன்னு எழுதிரு” என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. யாரை எங்கே வைக்கக் கூடாது என்று முதலில் எழுதினேன். எல்லோரும் ஒழுங்காக உட்கார்ந்தார்கள். ஒருவர் மிஞ்ச வேண்டும். யாரை மிச்சம் வைத்தால் சண்டைக்கு வரமாட்டார் என்று யோசித்தேன். அதிக நேரம் ஆகவில்லை.

அன்று சாயங்காலம் காளிராஜிடமே அதைக் காட்டினேன். விரலை வைத்து ஒவ்வொரு அறையாகப் பார்த்தார். மூன்றாம் அறையில் நான் இரண்டு புது ஆட்களைச் சேர்த்துவிட்டதைக் கண்டுபிடித்து, ஒருவரை மாற்றச் சொன்னார். பிறகு, “என்னைய எங்கன வச்சிருக்க?” என்று கேட்டார். நீ லீவு என்றேன். தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். “தாள்லயாச்சும் நாலு பேரு இருக்கட்டும்லே” என்றார்.

அதிகாரி வந்து போனார். தேதியை மட்டும் மாற்றி அதே தாள் மாசியிலும் தொங்கியது.

அடக்கத்துக்கு ஊருக்கு வந்திருந்தேன். அது முடிந்த மூன்றாம் நாள் சீனியம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் கையில் ஒரு ஜெராக்ஸ் தாள். உங்கள் மகன் அன்று வேலையிலேயே இல்லை, லீவில் இருந்தவர் வேடிக்கை பார்க்க உள்ளே வந்திருக்கிறார் என்று கம்பெனியில் சொல்லி அதைக் கொடுத்திருக்கிறார்கள். அவருக்குப் படிக்கத் தெரியாது. “தம்பி, நீங்க சட்டம் படிக்கிறவுக. விடிய எந்திரிச்சுத் தூக்குவாளில சோறு கொண்டுபோன புள்ளைய லீவுன்னு எழுதுனது யாருன்னு பாத்துச் சொல்லுங்க” என்றார்.

வாங்கிப் பார்த்தேன். என் கையெழுத்து மாதிரி அழகான கையெழுத்து எங்கள் வகுப்பிலேயே கிடையாது. தெரியவில்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். பின்னால் நின்றிருந்த பெரியப்பா அவருக்குக் காப்பி கொண்டுவரச் சொன்னார். சீனியம்மாள் குடிக்காமல் போய்விட்டார்.

பத்து நாள் சும்மா இருந்தேன். குடும்பம் என்றார் அப்பா. படிப்பு என்றார் அம்மா. பெரியப்பா ஒன்றுமே சொல்லவில்லை. அவருக்கு என்னைத் தெரியும்.

நேற்றுக் காலை சீனியம்மாள் வீட்டுக்குப் போனேன். எழுதியவன் நான்தான் என்றேன். எப்படி எழுதினேன், ஏன் உங்கள் மகனை வெளியே வைத்தேன் என்பதை ஒன்றுவிடாமல் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருக்கலாம். அவர் தாளை எடுத்து என் முன்னால் விரித்தார். “அம்புட்டுப் பேரு எழுதுனீகளே, எம்புள்ளைக்கு ஒரு எடம் இல்லையா தம்பி?” என்று கேட்டார். பிறகு, “இப்ப எழுதுங்க” என்றார்.

ஏழாம் அறையில் நான்கு பெயர்களுக்குக் கீழே ‘காளிராஜ்’ என்று எழுதினேன். எது அவன் பேரு என்று கேட்டார். காட்டினேன். மை காயும்வரை அதன்மேல் விரல் படாமல் உட்கார்ந்திருந்தார்.

கோட்டாட்சியர் விசாரணை திங்கட்கிழமை. இந்தக் கட்டுரையில் உள்ளதை அங்கேயும் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அதன் பிறகு எனக்கு வீடும் படிப்பும் இருக்குமா என்று தெரியாது. இதை மலர்க்குழு அச்சிடுமா என்பதும் தெரியாது.

போய் வாருங்கள், காளிராஜ். நீங்கள் வேடிக்கை பார்க்க வரவில்லை. ஏழாம் அறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உங்களை வெளியே வைத்தவன் நான்.