ஒட்டீலி அழுத அழுகை

ஒட்டீலி கிராலும் நானும் பெர்லினுக்கு வெளியே ஒரு சினிமாப் படப்பிடிப்பு நிலையத்தில் உடுப்புகளுக்கு இஸ்திரி போட்டோம். அவள் புருஷனைப் போரில் பறிகொடுத்தவள். ஒரே மகன் லோத்தர், டிராம் பணிமனையில் பிட்டர், கம்யூனிஸ்ட். 1933 மார்ச்சில், புதிதாக ஆட்சியைப் பிடித்த கட்சியின் அடியாட்களான பழுப்புச் சட்டைக்காரர்கள் வந்து அவனை மாடிப்படியில் இழுத்துக்கொண்டு போனார்கள். பிறகு கைதிகள் முகாமிலிருந்து ஒரு கார்டு வந்தது. 'நலம்' என்ற ஒரே சொல்.

அந்தக் கோடையில் எங்கள் நிலையத்தில் ஒரு படம் எடுத்தார்கள். பழுப்புச் சட்டை போட்ட பேக்கரிப் பையன் ஒருவனைக் கம்யூனிஸ்டுகள் குத்திக் கொல்கிற கதை. நூற்றைம்பது பழுப்புச் சட்டைகள் எங்கள் மேஜைக்கு வந்தன.

"காலருக்குக் கஞ்சியத் தூக்கலா போடுடி, கழுத்த அறுக்கட்டும்" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

சவ அடக்கக் காட்சியன்று, தாயாக நடித்த நடிகையின் அழுகை இயக்குநருக்குப் பிடிக்கவில்லை. கறுப்புச் சால்வை கொடுக்கப் போன ஒட்டீலி அவர் கண்ணில் பட்டாள்.

"அம்மா, இந்த முகத்த எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க? சவப்பெட்டிக்குள்ள இருக்கறது உங்க பையன்னு நெனச்சுக்குங்க."

"எனக்கு நடிக்கல்லாம் வராதுங்க."

கோட்டில் கட்சிச் சின்னம் குத்தியிருந்த உதவி இயக்குநர் அவள் காதருகே குனிந்தான். "உங்க பையன் எங்க இருக்கான்னு எனக்குத் தெரியும். அழுங்க. மேலிடத்துல ஒரு வார்த்தை சொல்லிப் பாக்கறேன்."

அவள் சவப்பெட்டி மேல் கன்னத்தை வைத்தாள். "என் ராசா, உன்ன எங்கெங்க அடிச்சாங்களோ" என்று கேட்டாள். ஏணி மேல் நின்ற தச்சன்கூட மூக்கைச் சிந்தினான்.

படம் வந்தது. அந்த இடத்தில் தியேட்டரே விம்மும். விளக்குப் போட்டதும் வாலிபர்கள் நேரே போய்க் கட்சியில் பேர் கொடுப்பார்கள். எங்கள் தெருவில், புருஷனையும் பிள்ளையையும் முகாமுக்குப் பறிகொடுத்தவர்கள் ஒட்டீலியோடு பேசுவதை விட்டார்கள். உதவி இயக்குநரை அவள் நடைவழியில் மறித்துக் கேட்டாள். "எந்தப் பையன்?" என்றான் அவன்.

இரண்டு வருஷம் கழித்து லோத்தரை விட்டார்கள். முன்பற்கள் இல்லை. நான் உருளைக்கிழங்கு கொண்டுபோனபோது, கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான்.

"முகாம்ல படம் போட்டாங்கம்மா. அந்தக் கொட்டாயே திரும்பி என்னப் பாத்துச்சு."

"உன்ன நெனச்சுத்தாண்டா அழுதேன்."

"பழுப்புச் சட்டைக்காரன் பொணத்து மேல விழுந்தா?"

"அது காலிப் பெட்டிடா!" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "நீயாவது சொல்லேன்."

"உங்கம்மா சொல்றது நெஜம், தம்பி" என்றேன்.

"நீங்களுந்தான அவனுங்க சட்டைக்கு இஸ்திரி போட்டீங்க?" என்றான்.

உருளைக்கிழங்கை மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். இரண்டு வாரத்தில் வேலை தேடி ஹாம்பர்க் போவதாகச் சொல்லிக் கிளம்பினான். கடிதமே வரவில்லை.

மறுபடியும் ஒரு படத்தில் அழுவதற்கு ஒட்டீலியைக் கூப்பிட்டார்கள். போய் நின்றாள். இயக்குநர் ஒரு மணி நேரம் கத்தியும் அவளுக்குக் கண்ணீர் வரவில்லை, திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

1938 பிப்ரவரியில் நிமோனியாவில் போய்ச் சேர்ந்தாள். லோத்தருக்குச் சொல்லி அனுப்ப எங்கள் யாரிடமும் விலாசம் இல்லை.