இரண்டு சுவரும் பாதித் தளமும்

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. ஒரு தகரப் பெட்டி நிறையப் பொம்மைப் படைவீரர்கள் வைத்திருக்கிறேன், ஒவ்வொருவனும் பாதி விரல் உயரம். அவர்கள் சண்டை போடுவதற்கான வீடு, மதில், மரம், குன்று எல்லாம் இன்னோர் அறையை அடைத்துக்கொண்டு கிடக்கின்றன. அத்தனையும் நான் செய்தவை. நாகர்கோவிலில் யாரிடமாவது இதைச் சொன்னால் முதலில் சிரிப்பார்கள், பிறகு "பிள்ளையளுக்கா?" என்று கேட்பார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இப்போது அதுவும் வருவதில்லை. எதிரில் உட்கார்ந்து விளையாட ஆள் இல்லாதபோது கோபப்பட்டு என்ன செய்ய? இருந்த ஒருவனையும் நானே விரட்டிவிட்டேன்.

இந்தப் பழக்கம் குவைத்தில் பிடித்தது. கட்டட வரைபடம் போடும் வேலை எனக்கு. அங்கிருந்த வெள்ளைக்கார எஞ்சினீயர் ஒருவர் வெள்ளிக்கிழமைகளில் ஆறடிக்கு நாலடி மேசையில் போர்க்களம் ஒன்றைப் பரப்புவார். பகடை உருட்டி, அளவு நாடாவால் அளந்து, சிப்பாய்களை நகர்த்துவார்கள். மதிலுக்குப் பின்னால் நிற்கிறவன் பிழைப்பான், வெட்டவெளியில் நிற்கிறவன் சாவான். வரைபடம் போடுகிற கை என்பதால் வீடுகளைச் செய்து தரும்படி என்னிடம் கேட்டார். செய்து கொடுத்தேன், அப்படியே விளையாடவும் கற்றுக்கொண்டேன். ஊர் திரும்பும்போது மற்றவர்கள் டிவி கொண்டுவந்தார்கள், நான் ஒரு பெட்டிச் சிப்பாய்களைக் கொண்டுவந்தேன். அதைத் திறந்து பார்த்துவிட்டு என் மனைவி அன்று முழுவதும் பேசவில்லை.

ஊரில் விளையாட ஒருவன் கிடைத்தான். பத்தாம் வகுப்பு வரை என்னோடு படித்தவன், இயற்பியல் வாத்தியார். திருவட்டாறு போகும் வழியில் ரோட்டோரத்தில் பழைய ஓட்டு வீடு, அவனும் அவன் அம்மாவும்தான். விதிப் புத்தகத்தை ஒரே வாரத்தில் மனப்பாடம் செய்துவிட்டு வந்து, என் தப்புகளைத் திருத்த ஆரம்பித்தான். சிப்பாய்களுக்கு வர்ணம் தீட்டுவது அவன் வேலை, நிலமும் வீடும் என் வேலை. பதினோரு வருடம். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சர்ச்சில் பூசை முடிந்து வருவதற்கும் நான் அட்டைப்பெட்டியைப் பைக்கில் கட்டிக்கொண்டு போய்ச் சேர்வதற்கும் சரியாக இருக்கும். முன்னறையில் சாப்பாட்டு மேசையோடு பழைய கதவு ஒன்றைச் சேர்த்துப் போட்டு, மதியம் வரை போர்.

அவன் அம்மா பால் விடாத கட்டன்சாயாவோடு வந்து நிற்பார். "ஒருத்தன் வாத்தியாரு, ஒருத்தன் கல்ஃபு. பொம்ம வச்சு வெளையாடுதானுவ. ஊருல பிள்ளையளெல்லாம் ஒழுங்கா படிச்சிட்டுக் கெடக்கு" என்பார். சொல்லிவிட்டு, யார் ஜெயிக்கிறது என்று கேட்காமல் போகமாட்டார்.

வேலை என்னவோ குப்பையில்தான். தெர்மாகோலும் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையும் சுவருக்கு. காயவைத்த தேயிலைச் சக்கை தரைக்கு. தென்னை நார்த் தூளைப் பச்சையில் முக்கினால் புல். காய்ந்த துளசித் தண்டைத் தலைகீழாக நட்டால் நல்ல மொட்டை மரம். ஜூன் மழை தொடங்கினால் பசை விட்டுப்போகும், தேயிலை பூஞ்சை பிடிக்கும், தெர்மாகோலை எறும்பு குடையும். வருடத்தில் பாதி நாள் புதிதாகச் செய்வதில் போகாது, பழையதைப் பழுதுபார்ப்பதில்தான் போகும். உரித்து, ஒட்டி, மணல் தூவி, மறுபடி வர்ணம் அடித்து. பழுதுபார்த்த வீடு புது வீட்டைவிட நன்றாக இருக்கும் என்று அவன் சொல்வான். அவன் வாயில் அப்படி ஒரு வார்த்தை வந்தால் எனக்கு அந்த வாரம் முழுக்கப் போதும்.

இந்த விளையாட்டில் முழு வீட்டை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. கூரை இருந்தால் கை உள்ளே போகாது, சிப்பாயை எப்படி நகர்த்துவது? இடிந்த வீடுதான் வேண்டும். மூலையில் சேர்கிற இரண்டு சுவர், பாதித் தளம், சிதறிய ஓடு. மறைந்து நிற்கவும் முடியும், கையும் போகும். நான் ஏதோ படங்களில் பார்த்த வெளிநாட்டு இடிபாடுகளையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தேன். செய்து செய்து அலுத்துப்போன நேரத்தில்தான் இங்கே ரோட்டை அகலப்படுத்த ஆரம்பித்தார்கள்.

வரிசையாக வீடுகளின் முன்பக்கத்தை அறுத்தார்கள். மாடிப்படி ஏறிப் போய் ஒன்றுமில்லாத இடத்தில் நின்றது. மாடிக் குளியலறையின் டைல்ஸ் ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரிந்தது. எனக்கு அது கொண்டாட்டம். வெட்கத்தோடுதான் எழுதுகிறேன், கொண்டாட்டம்தான். சாயங்காலம் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். செங்கல் எப்படி உடைகிறது, காரை எந்த இடத்தில் விடுகிறது, கம்பி எந்தப் பக்கம் வளைகிறது என்று படம் எடுப்பேன். கையிலிருந்த அளவு நாடாவைப் பார்த்துவிட்டு என்னை அளவெடுக்க வந்த அரசாங்க ஆள் என்று நினைத்து ஒரு பெண், "சாரே, இந்தச் சொவரும் போவுமா?" என்று கேட்டாள். தெரியாது என்று சொல்லிவிட்டு அந்தச் சுவரையும் படம் எடுத்தேன்.

அவன் வீட்டிலும் சிவப்பு பெயிண்டில் கோடு போட்டார்கள். முன்பக்கம் முழுவதும் போகும், பின்னால் அடுக்களையும் ஓர் அறையும் மிஞ்சும், அதையும் நம்பி இருக்க முடியாது. நாகர்கோவிலில் ஒரு மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்தான். இடிக்கிற அன்று சாமான் ஏற்ற ஒரு கை வேண்டும், வருவாயா என்று கேட்டான். பதினோரு வருடத்தில் அவன் என்னிடம் கேட்ட ஒரே உதவி அதுதான்.

போனேன். சீக்கிரமாகவே போனேன். பொக்லைன் வந்து நின்றது. அவன் அம்மா பக்கத்து வீட்டுப் பலா மரத்தடியில் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். முன்சுவர் விழுந்து தூசி அடங்கியபோது உள்ளே இருந்ததெல்லாம் வெளியே தெரிந்தது. முன்னறைச் சுவரில் திருஇருதய ஆண்டவர் படம் மாட்டியிருந்த இடம் மட்டும் வெளுக்காமல் நீலமாக, சதுரமாக இருந்தது. அதற்குப் பின்னால் அடுக்களைச் சுவர், அடுப்புக்கு மேலே கரி. அப்படி ஒரு இடிபாட்டை நான் கற்பனையில்கூடச் செய்திருக்க முடியாது. போனை எடுத்தேன்.

"லேய், ஒரு கை பிடி" என்று அவன் கூப்பிட்டான். பக்கவாசலில் அலமாரியின் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றான். "ஒரு நிமிசம்லே" என்றேன். வெளிச்சம் நன்றாக இருந்தது. பொக்லைன்காரனிடம் கொஞ்சம் நிறுத்தச் சொல்லிவிட்டு, இடிபாட்டின் மேல் ஏறி, கரியையும் நீலச் சதுரத்தையும் கிட்டத்தில் எடுத்தேன். நான் இறங்கி வரும்வரை அவன் அலமாரியைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டே நின்றான்.  நானும் மறுமுனையைப் பிடித்தேன், லாரியில் ஏற்றினோம்.

வீட்டுக்கு வந்து படங்களை மனைவியிடம் காட்டினேன். அவள் இரண்டு படம் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். "எரியுத வீட்டுல பிடுங்கினது லாபம்னு போனியளாக்கும்?" என்றாள். உனக்கு இதெல்லாம் விளங்காது என்றேன்.

ஆறு வாரம் அந்த வீட்டைச் செய்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக எதையும் செய்ததில்லை. செங்கல்லை ஒவ்வொன்றாக வெட்டினேன். கரிக்கு, எங்கள் வீட்டு வாணலியின் அடியைச் சுரண்டிய கரியையே அரைத்துப் பூசினேன். நீலச் சதுரத்துக்கு மேலே ஆணிகூட வைத்தேன், குண்டூசியை நறுக்கி. அவன் சந்தோஷப்படுவான் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. வீடு போனாலும் மேசை மேலாவது இருக்கட்டும், அவன் கண் கலங்குவான், என் தோளைத் தட்டுவான் என்றெல்லாம் நினைத்து வைத்திருந்தேன்.

செய்து முடித்த ஞாயிற்றுக்கிழமை முதல்முறையாக என் வீட்டில் விளையாட்டு. அவன் வருவதற்கு முன்பே களத்தைப் பரப்பி, நடுவில் வழி கூடுகிற இடத்தில் அந்த வீட்டை வைத்தேன். வந்தான், பார்த்தான். குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தான். "நல்லா செஞ்சிருக்க" என்றான். பகடையை எடுத்தான்.

வீட்டைப் பிடித்தவனுக்குத்தான் வெற்றி. இரண்டாவது சுற்றிலேயே அவன் ஆட்கள் பக்கவாசலுக்கு எதிரே வந்துவிட்டார்கள், ஓர் அங்குலம் நகர்த்தினால் உள்ளே. அவன் நகர்த்தவில்லை. வீட்டைச் சுற்றி வெட்டவெளியில் கொண்டு போனான். விதிப் புத்தகத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுகிறவன், பள்ளிக்கூடப் பையன்கூடச் செய்யாத தப்பைச் செய்தான். நான் விடுவேனா? என் இயந்திரத் துப்பாக்கியை அடுக்களையில் ஏற்றி, கரிச்சுவர் ஓரமாக மூன்று பேரைப் படுக்கவைத்து, அங்கிருந்து அவன் படையைச் சுட்டுத் தீர்த்தேன். பகடை எனக்கு விழுந்துகொண்டே இருந்தது. நான் சிரித்துக்கொண்டே இருந்தேன்.

முடிந்ததும் கேட்டேன். "என்னலே இது, இவ்வளவு நல்ல எடம் கெடந்தும் ஏறாம விட்டுட்ட?"

"அதுக்குள்ள நான் எப்பிடிலே ஆள ஏத்த முடியும்?" என்றான். பிறகு, அடுக்களையில் படுத்திருந்த என் மூன்று பேரையும் இரண்டு விரலால் ஒவ்வொருவராக எடுத்து வெளியே மேசைமேல் வைத்தான். தன் சிப்பாய்களைப் பெட்டியில் அடுக்கினான்.

"மக்கா, நான் நல்லதுக்குத்தான்..." என்று தொடங்கினேன்.

"சவத்த விடு. அம்ம தனியா இருக்கா" என்று கிளம்பிவிட்டான்.

அடுத்த ஞாயிறு வரவில்லை, அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. அட்டையும் பசையும் சேர்ந்த ஒரு பொருளுக்கு இத்தனை மானமா என்று மனைவியிடம் கத்தினேன். இடித்தது நானா, அரசாங்கமா என்று கேட்டேன்.  அலமாரியைப் பிடித்தபடி அவன் நின்ற நிற்பு அதன்பிறகு அடிக்கடி ஞாபகத்துக்கு வந்தது. ஒரே ஊரில், பத்து நிமிட தூரத்தில் இருக்கிறான். எட்டு மாதம் நான் போகவில்லை. மன்னிப்புக் கேட்கத் தெரியாதவன் ரோஷக்காரன் என்று பெயர் எடுத்துக்கொள்வான், நானும் அப்படித்தான்.

எட்டு மாதம் கழித்து அவனே கூப்பிட்டான். அம்மா படுத்த படுக்கை. வீட்டுப் படம் வேண்டும், முகப்பைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். ஆல்பத்தில் இருக்கிறதெல்லாம் மனுஷர்கள்தான், கல்யாணத்துக்கும் ஞானஸ்நானத்துக்கும் வந்து வரிசையாக நின்றவர்கள். பின்னால் பந்தல் துணி, வீடு தெரியவில்லை. "நீ அன்னைக்கு நெறைய போட்டோ எடுத்தியே. முன்பக்கம் முழுசா உள்ளது ஒண்ணு கெடக்குமாலே?"

பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்தேன். பார்த்தேன். நூற்றுக்கு மேல் இருந்தன, ஒன்றில்கூட முகப்பு இல்லை. எப்படி இருக்கும்? அன்று நான் போனபோது வீடு முழுசாக நின்றது. ஒரு மணி நேரம் அதன் எதிரே நின்று சாயா குடித்துக்கொண்டிருந்தேன், எப்போது விழும் என்று. போனைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

திரும்பக் கூப்பிட்டு, படம் இல்லை, ஆனால் முழு வீடாகச் செய்து தருகிறேன் என்றேன்.  "செய்வியா? அப்போ சீக்கிரம் செய்யி" என்றான். அந்தக் குரல் பழைய குரலாகவே இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்றே அட்டையை வெட்டி உட்கார்ந்தேன். அடுக்களைச் சுவர் கண்ணை மூடினாலும் வரும். முன்பக்கம் வரவில்லை. ஜன்னல் வாசலுக்கு இடமா வலமா? தூண் உருளையா சதுரமா? மூன்று படியா, நாலு படியா? பதினோரு வருடம் அந்த வாசல் வழியாகத்தான் ஏறியிருக்கிறேன், கையில் அட்டைப்பெட்டியோடு. பெட்டி சாயாமல் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்திருக்கிறேன். மூன்று நாள் வரைந்து வரைந்து கிழித்தேன். கடைசியில் வெட்கத்தை விட்டு அவனிடம் கேட்டேன். "எனக்கும் சரியா ஓர்ம இல்ல. அம்மையிட்ட கேளு" என்று போனை அவரிடம் கொடுத்தான்.

குரல் மெலிந்திருந்தது. ஆனால் படபடவென்று சொன்னார். உருளைத் தூண் இரண்டு, வலது தூணில் பழைய தபால்பெட்டி. ஜன்னல் இடப்பக்கம், நாலு கம்பி, ஒன்று வளைந்தது. நான் எழுதிக்கொண்டே வந்தேன். படி எத்தனை என்று கேட்டேன்.

"நாலு படி மக்கா. மூணாவது படியில ஒரு ஓரம் பேந்து கெடக்கும். நீ அங்கதானே செருப்பக் கழத்திப் போடுவ? மழையில நனைஞ்சிருமேன்னு நான்தான எடுத்து உள்ள வைப்பேன். ஓர்ம இருக்கா?"

"இருக்கும்மா" என்றேன். எனக்கு இல்லை.