கார்பன் அலமாரிச் சாவி

என் கைப்பேசித் திரை வெயிலில் தானாகவே பளிச்சிடுகிறது, நிழலுக்கு வந்தால் அடங்குகிறது. நேற்று பேருந்து நிறுத்தத்தில் அதைப் பார்த்து, "உனக்கென்ன, உன்னை யாரும் திருடன் என்று சொல்லப்போவதில்லை" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற பெண் சற்றுத் தள்ளிப் போனாள்.

எழுபதுகளில் நான் வேலந்தாவளம் பக்கத்தில் ஒரு சினிமாக் கொட்டகையில் ஆபரேட்டர். அப்போது படத்துக்கு வெளிச்சம் தந்தது பல்பு அல்ல; இரண்டு கார்பன் குச்சிகள் நுனியோடு நுனி எரியும். எங்கேயாவது வெல்டிங் நடந்தால் அந்த வாசனை இன்றும் மூக்கில் ஏறுகிறது. குச்சிகள் விலை கூடியவை. விளக்கைக் குறைத்து எரித்து, மிச்சக் குச்சியை விற்கும் ஆபரேட்டர்களும் இருந்தார்கள், பொய் சொல்வானேன்.

எங்கள் திரை துணியல்ல, சுவர். பொங்கலுக்கு ஊரில் வீடுகளுக்கு வெள்ளையடிக்கும்போது அதற்கும் அடிப்போம். அந்த வருஷம் பொங்கல் கழிந்ததும் படம் மங்கிவிட்டது. மாட்டுச் சந்தை நாள், கொட்டகை நிறையக் கூட்டம். "கார்பனைத் தின்னுபோட்டானா?" என்று ஒரு குரல், கூடவே விசில். முதலாளி குச்சிகள் வைக்கும் அலமாரியின் சாவியை என்னிடமிருந்து வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். "இனி ஆட்டத்துக்கு ரெண்டு குச்சி. என்ற கையில வாங்கிக்க" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வேலை போனால் போகட்டும், திருடன் என்ற பெயரோடு மட்டும் போவதில்லை என்று வைராக்கியம் பிடித்தது.

பாலக்காட்டில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த நண்பன் செல்வராஜிடம் வெளிச்சம் அளக்கும் மீட்டர் ஒன்று இருந்தது. அவன் மச்சான் பேர்ஷியாவிலிருந்து கொண்டுவந்தது; வளைகுடா நாடுகளை அப்போது அப்படித்தான் சொல்வோம். துப்பாக்கி மாதிரி பிடித்து ஓரிடத்தைக் குறிபார்த்து அழுத்தினால், அந்த இடம் மட்டும் எவ்வளவு ஒளிர்கிறது என்று உள்ளே ஒரு முள் காட்டும். "கீழ போட்டீன்னா மச்சான் என்னைய வெட்டிப்போடுவான்" என்று சொல்லித்தான் கொடுத்தான். பஸ்ஸில் துண்டில் சுற்றி மடியிலேயே வைத்திருந்தேன்.

மறுநாள் காலை காலிக் கொட்டகையில் முதலாளியை உட்காரவைத்து, படச்சுருள் இல்லாமல் விளக்கை மட்டும் எரியவிட்டேன். திரை நடுவே குறிபார்த்தால் முள் தாழ்ந்து நின்றது. அங்கேயே ஒரு வெள்ளை டிராயிங் தாளை ஒட்டிப் பார்த்தேன். முள் விருட்டென்று ஏறியது. அதே விளக்கு, அதே குச்சி!

"மொதலாளி, நீங்களே பாருங்க."

ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு சுவரையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். "வெளக்குல கொறையில்ல. செவுத்துலதான் என்னமோ இருக்குது. சுண்ணாம்புல என்னப்பா கலந்தீங்க?"

வேட்டி வெளுப்பாகத் தெரிய நீலம் போடுகிறோமே, திரைக்கும் போட்டால் என்ன என்று பொட்டலம் பொட்டலமாகச் சுண்ணாம்பில் கொட்டியவன் நானேதான். பகலில் பார்க்கப் பால் மாதிரி இருந்தது. கண்தான் ஏமாந்தது, விழுந்த வெளிச்சத்தில் ஒரு பங்கை நீலம் விழுங்கிக்கொண்டிருந்தது.

வெள்ளையடித்தவன் தலையில் பழியைப் போட்டிருக்கலாம். மனசு வரவில்லை. "நீலம் கலந்தனுங்க. நாந்தானுங்க" என்றேன்.

முதலாளி எழுந்துபோய்ச் சுவரைத் தடவிப் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். "நீ திருடனில்ல, முட்டாளு. முட்டாளுகிட்டச் சாவி இருக்கலாம், போ."

கேபினுக்குள் போய் அழுதேன்.

கொட்டகை இன்று கோழித்தீவனக் கிடங்கு. இப்போதெல்லாம் தியேட்டரில் படம் மங்கினால் திரும்பிப் பார்த்துக் கத்தலாம் என்றால், பின்னால் கேபினில் ஆளே இல்லை, மெஷின் தானாக ஓடுகிறது. முதலாளியும் போய்ச் சேர்ந்துவிட்டார். முட்டாள் என்று என்னைச் சொன்னவர்கள் அதன்பிறகும் நிறைய உண்டு. அவ்வளவு மரியாதையாக யாரும் சொன்னதில்லை.