‘தண்ணி தாங்கோ’ என்று கேட்ட ரவுண்ட்

1. ஒரு நிமிட வேலை

குத்துச்சண்டையில் என் வேலைக்கு கட்மேன் என்று பெயர். இரண்டு ரவுண்டுகளுக்கு நடுவில் கிடைக்கும் ஒரு நிமிடத்தில், வெடித்த புருவத்தின் இரத்தத்தை நிறுத்த வேண்டும். அட்ரினலின் நனைத்த பஞ்சுக்குச்சி, வாசலின், வீக்கத்தை அமுக்க ஐஸில் வைத்த சின்ன இரும்பு. என் பெட்டியில் இருந்தது அவ்வளவுதான். பகலில் ஆஸ்பத்திரியில் போர்ட்டர், பின்னேரத்தில் லண்டன் மிச்சம் பகுதியில் ஒரு ஜிம் என்று இருபது வருடம் ஓடியது. இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்கள், கை நடுங்காமல் இருக்க என்ன செய்தீர்கள் என்று கேட்கிறார்கள். என்னத்தைச் சொல்ல? என் கை நடுங்காத நாளே கிடையாது.

முதல் நாளே பயந்துவிட்டேன். ஜிம் சுவரில் ஒரு பழைய ஹெவிவெயிட் சாம்பியனின் படம் தொங்கியது. கையுறை இல்லாமல் அடித்துக்கொண்ட காலத்து ஆள். எங்கள் தலைமைப் பயிற்சியாளர் டெனிஸ் அவருடைய கதையைச் சொன்னார். டெனிஸ் வெள்ளைக்காரர், பேசியது இங்கிலிஷ். என் கைக்கு வருவது எங்கள் ஊர்த் தமிழ்தான் என்பதால் அதிலேயே எழுதுகிறேன்.

“இந்தாளை ஒருத்தராலும் விழுத்த ஏலாமல் போச்சு. கடைசிக் காலத்திலை மனிசிதான் கரண்டியாலை சாப்பாடு தீத்தினவ. தன்ரை படத்தைப் பாத்தே இது ஆரெண்டு கேட்டவராம்.”

அதன் பிறகு அந்தப் படத்துக்குக் கீழே நான் நின்றதே இல்லை.

2. தமிழ் கதைக்காத நிரோ

எங்கள் ஜிம்மின் ஒரே ஹெவிவெயிட் நிரோ. லண்டனில் பிறந்தவன். கதவு நிறைய நிற்பான். என்னை மாமா என்பான். அந்த ஒரு சொல்லைத் தவிர மற்ற எல்லாம் இங்கிலிஷ். நான் தமிழில் எதைக் கேட்டாலும் பதில் இங்கிலிஷில்தான் வரும்.

அவனுடைய தாய் என்னைக் கண்டால் இதைத்தான் சொல்லுவார். “அண்ணை, அஞ்சு வயசு வரைக்கும் இவன்ரை வாயிலை தமிழைத் தவிர வேறொண்டும் வராது. பள்ளிக்கூடம் போனான், எல்லாம் போச்சு. நீங்களாவது இவனோடை தமிழிலை கதையுங்கோ.”

ஆறு வருடம் கதைத்துப் பார்த்தேன். “ஐ அண்டர்ஸ்டாண்ட், மாமா” என்று சிரிப்பான். அவ்வளவுதான்.

3. வால்தம்ஸ்டோ மண்டபம்

ஒரு சனிக்கிழமை பின்னேரம், தென்பகுதி ஹெவிவெயிட் சாம்பியன் பெல்ட்டுக்கான சண்டை. பத்து ரவுண்ட். நான்கு வருடமாக நிரோ காத்திருந்த நாள். ஐந்தாம் ரவுண்ட் வரை அவன்தான் முன்னுக்கு நின்றான்.

ஆறாம் ரவுண்டில் காதுக்குப் பின்னால் ஒரு வலதுகைக் குத்து விழுந்தது. அவன் விழவில்லை. மணி அடித்ததும் நேராக நடந்து வந்து ஸ்டூலில் இருந்தான். நான் புருவத்தில் பஞ்சை வைத்து அழுத்தினேன்.

“மாமா, தண்ணி தாங்கோ” என்றான்.

சுத்தமான தமிழ். மரியாதை கூடக் குறையவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்க முடியவில்லை, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். தாயிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். “இந்தா ராசா” என்று போத்தலைக் கொடுத்து, வாசலினைப் பூசி, ஏழாம் ரவுண்டுக்கு அனுப்பிவிட்டேன்.

ஏழாம் ரவுண்டில் மூன்று நிமிடமும் அடி வாங்கினான். திரும்பி வந்து இருந்ததும் என் சட்டையைப் பிடித்தான்.

“மாமா, அம்மா கூட்டிக்கொண்டு போக வந்திட்டாவோ?”

அந்தக் குரல் அவனுடையது இல்லை. பள்ளிக்கூட வாசலில் நிற்கும் ஐந்து வயதுப் பிள்ளையின் குரல் அது.

“டெனிஸ், நிப்பாட்டுங்கோ. இவனுக்கு மண்டைக்குள்ளை என்னவோ நடந்திட்டுது” என்றேன்.

“என்ன விசர்க் கதை? வடிவாக் கதைக்கிறான் தானே. இன்னும் மூண்டு ரவுண்ட். வெல்லப்போறான்.”

டெனிஸின் காதுக்கு நாங்கள் இருவரும் எங்கள் பாஷையில் ஏதோ கதைப்பது போலத்தான் இருந்திருக்கும். கதைக்கிறவனுக்கு மூளை தெளிவு என்பது கோர்னரில், ரிங் மூலையில் நிற்கிற எல்லாரும் நம்புகிற கணக்கு.

கோர்னர் ஆட்கள் வெளியேறச் சொல்லிக் குரல் வந்தது. நான் வெளியேறவில்லை, ஸ்டூலையும் எடுக்கவில்லை. ரெஃப்ரியைக் கை காட்டிக் கூப்பிட்டேன். கட்மேன் ரெஃப்ரியைக் கூப்பிடுவது வழக்கமே இல்லை. லைசென்ஸ் போகலாம் என்பது எனக்குத் தெரியும்.

ரெஃப்ரி குனிந்து பேரைக் கேட்டார். நிரோ சொன்னான். இன்றைக்கு என்ன நாள் என்று கேட்டார்.

“செவ்வாய்க்கிழமை” என்றான் நிரோ, தமிழில்.

ரெஃப்ரி என்னைப் பார்த்தார். என்ன சொல்கிறான் என்று கேட்டார். டெனிஸும் என்னைப் பார்த்தார். சனிக்கிழமை என்று நான் ஒரு சொல் சொன்னால் போதும். அந்தக் கயிறுகளுக்குள் தமிழ் தெரிந்த ஆள் வேறு யாரும் இல்லை. நிரோவின் நான்கு வருடம் என் நாக்கில் இருந்தது. அவ்வளவு பயம் எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை, ஊரைவிட்டு ஓடிவந்தபோது கூட.

“டியூஸ்டே என்கிறான்” என்றேன்.

ரெஃப்ரி இரண்டு கைகளையும் விரித்து ஆட்டிச் சண்டையை நிறுத்தினார்.

4. பிறகு

ஸ்கேனில் மூளைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவில் இரத்தக் கசிவு தெரிந்தது. அன்றே ஆபரேஷன். பிழைத்தான். கண் முழித்து முதலில் கேட்டது, “மாமா, வேர் இஸ் மை பெல்ட்?” அந்த இங்கிலிஷைக் கேட்டு நான் அழுதேன். அதன் பிறகு ஒரு வருடம் அவன் என்னோடு பேசவில்லை.

தாய் என் இரண்டு கைகளையும் பிடித்து, “நீங்கள்தான் தெய்வம், அண்ணை” என்றார். அந்தத் தமிழைக் கேட்டும் ஏழாம் ரவுண்டுக்கு அனுப்பியதை நான் அவரிடம் சொல்லவில்லை. நிரோ திரும்பப் பேச வந்த அன்று அவனிடம் சொன்னேன். பிறகு, “யூ வேர் ஹேப்பி, மாமா” என்றான். கோபமாகச் சொல்லவில்லை.

இப்போது குரோய்டனில் ஒரு கார்பெட் கடையில் வேலை செய்கிறான். ஞாயிறுதோறும் எனக்குப் போன் எடுப்பான். போன மாதம் எடுத்தபோது, “மாமா, சுகமா இருக்கிறியளோ?” என்றான்.

நான் சுகத்தைச் சொல்லாமல் கேட்டேன்.

“நிரோ, இண்டைக்கு என்ன கிழமை?”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“சண்டே, மாமா. ரிலாக்ஸ். அம்மா இஸ் டீச்சிங் மீ.”

இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். உங்கள் ஆள் கதைக்கிறானா என்று மட்டும் பார்க்காதீர்கள், யார் கதைக்கிறது என்று கேளுங்கள். ஊரில் உள்ள தாய் தகப்பன் எல்லாரும் பிள்ளை தமிழ் கதைக்க வேண்டும் என்று தவம் கிடக்கிறார்கள். நான் ஒவ்வொரு ஞாயிறும் அவன் தமிழில் சுகம் கேட்டால், முதலில் கிழமையைக் கேட்கிறேன்.