நம் காலத்தில் வராது

நமக்குப் பிறகு வரப்போகிறவர்களுக்காக ஒரு மனிதன் எவ்வளவு தூரம் பயப்படலாம்? பஞ்சாட்சரத்தை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்விதான் வருகிறது. அவரை ஞானி என்று சொல்ல மாட்டேன். முன்கோபி. திருத்தணியில் நூல் வெளுக்கும் கொட்டகை வைத்திருந்தார். பொதட்டூர்பேட்டைத் தறிக்காரர்களின் பருத்தி நூலைச் சோடாக் காரத்திலும் சுண்ணாம்பிலும் வேகவைத்துக் கொடுப்பது தொழில்.

1978இல், பிரசவத்துக்கு வந்திருந்த மகள் காஞ்சனாவையும் கைக்குழந்தையையும் அழைத்துப்போக மருமகன் கஜபதி வந்தான். வடக்கே வெகுதூரத்தில் ஓர் அணுக்கூடத்தில், கதிர்வீச்சுப் பட்ட கழிவைப் புதைக்கும் வேலை அவனுக்கு. குடியிருப்பும் புதைகுழிகளுக்குப் பக்கத்திலேயே.

“அப்படி என்னத்தப் பொதைக்கிறீங்க?”

“தொடைச்ச துணி, பஞ்சு, காகிதம். டிரம்ல அடைச்சு சிமெண்ட் ஊத்திடுவோம் மாமா. முந்நூறு வருஷம் அசையாது.”

பஞ்சாட்சரம் கொட்டகை மூலையில் கிடந்த பழைய தொட்டியின் மூடியை நகர்த்தினார். போன வருடம் மறந்துவிட்ட நூல் கட்டு ஒன்று சுண்ணாம்புத் தண்ணீரிலேயே கிடந்தது. குச்சியால் தூக்கினார். நூல் வரவில்லை; பழுப்பாகக் கொழகொழவென்று வழிந்தது.

“சிமெண்ட்லயும் சுண்ணாம்புதானே?”

கஜபதி சிரிக்கவில்லை. “தெரியும் மாமா. ஆபீசருங்களே சோதிச்சுக்கினு இருக்காங்க. தண்ணி பூந்தா பஞ்சு இப்படித்தான் கரையும். காத்து உண்டாகி டிரம்மு உப்பும். அந்தச் சாறு, துணியில ஒட்டியிருக்கிற விஷ உலோகத்த மண்ணுல ஒட்டவுடாம கூடவே கூட்டிக்கினு போயிடலாமாம்.”

“எங்க?”

“கெணத்துக்குத்தான். ஆனா நம்ம காலத்துல வராது.”

“யாரு காலத்துல வரும்?”

கஜபதி குனிந்து தொட்டியை மூடினான்.

“புள்ளைய அனுப்ப மாட்டேன்” என்றார் பஞ்சாட்சரம்.

வீட்டுக்குள்ளிருந்து காஞ்சனா கத்தினாள்: “அவரு வேலைய வுட்டுட்டு இங்க உன் நூலை அலசணுமா நைனா? நீ குடுக்குற கூலிக்கு கழுதைகூட வராது!”

மறுநாள் மூவரையும் ரயிலேற்றிவிட்டார். குழந்தையைக் கையில் வாங்கவில்லை.

அடுத்த ஆடியில் கொட்டகையை விற்றுவிட்டு அவரும் அங்கே போய்ச் சேர்ந்தார். புதைகுழி வேலிக்கு வெளியே ஒரு துண்டு நிலம் வாங்கிக் கிணறு வெட்டினார். மகள் வீட்டுக் குழாய்த் தண்ணீரைத் தொட்டதில்லை. அந்தக் கிணறு தன் ஆயுளில் எதையும் காட்டிக்கொடுக்காது என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? பேரன் குடிக்கக் கேட்டால் மட்டும் சொம்பை எட்டாமல் தூக்கிக்கொள்வார். வருகிற விஷம் முதலில் தன்னிடம் வரட்டும் என்பதுபோல, சாகும்வரை அந்தத் தண்ணீரையே குடித்தார்.