கிலாங்கில் அப்பாவைத் தேடியது

என் வாழ்க்கையில் நான் செய்த முட்டாள்தனங்களில் பாதிக்கு மேல், அதிகம் படித்துவிட்டோம் என்ற நினைப்பில் செய்தவை. முதலாவது எட்டு வயதில் நடந்தது. தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு. மலாய்ச் சொல்வதெழுதுதலில் வகுப்பிலேயே எனக்கு மட்டும்தான் இருபதுக்கு இருபது. அந்த இருபது தலைக்குள் முழு இடத்தையும் பிடித்துக்கொண்டதால் வேறு எதுவும் உள்ளே நுழைய வழியில்லாமல் போயிற்று.

கெடாவில், கோலா கெத்திலுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் குடியிருந்தோம். அம்மா பால்மரம் வெட்டினார், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. அப்பா எட்டு மாதமாக வீட்டில் இல்லை. எங்கே போனார் என்று கேட்டால், "சாப்பிட்டியா?" என்று திருப்பிக் கேட்டார்கள். சாப்பிட்டேன் என்றால், "போய் விளையாடு." இரண்டுக்கும் அப்பாவுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை.

ஜித்ராவில் மளிகைக் கடை வைத்திருந்த மாமா, அம்மாவின் தம்பி, ஒரு செவ்வாய்க்கிழமை வந்து இறங்கினார். வெள்ளிக்கிழமை லோரி வரும், சாமான்களை ஏற்றிக்கொண்டு எல்லாரும் ஜித்ராவுக்குப் போய்விடலாம், அம்மா கடையில் இருக்கலாம், என்னை அங்கேயே பள்ளியில் சேர்த்துவிடலாம் என்றார். அம்மா தலையாட்டினார். நான் மட்டும் தலையாட்டவில்லை. நாங்கள் போன பிறகு அப்பா வந்தால்? வீட்டில் வேறு யாராவது இருப்பார்கள். தன் மகளுக்குப் பதிலாக வேறொரு பிள்ளை கதவைத் திறந்தால் அவர் என்ன செய்வார்?

அன்று சாயங்காலம் மாமா, பக்கத்து வீட்டு அத்தையிடம் குழாயடியில் குரலைத் தாழ்த்திப் பேசினார். நான் வாளிக்குப் பின்னால் உட்கார்ந்து கால் கழுவிக்கொண்டிருந்தேன். கால் ஏற்கெனவே மூன்று முறை கழுவப்பட்டிருந்தது.

"கிளாங்ல இருக்கானாம்லா. லோரி ஓட்டுற பையன் கண்ணால பாத்துருக்கான்."

"அங்க என்ன பண்றாராம்?"

"வேல செய்றானாம். வேற என்னன்னு எங்கிட்ட கேக்காதீங்க."

மாமா சொன்னது, பத்திரிகையில் கிள்ளான் என்று எழுதுவார்களே, அந்த ஊர். தெற்கே சிலாங்கூரில், பஸ்ஸில் ஏறினால் முழுப் பகலையும் தின்றுவிடும் தூரத்தில் இருக்கிற துறைமுகப் பட்டணம். அப்படி ஓர் ஊர் உலகத்தில் இருப்பதே எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் கிலாங். மலாயில் தொழிற்சாலை. சொல்வதெழுதுதலில் ஏழாவது சொல்லாக வந்தது. பாவம் மாமா, கடையில் புளியும் மிளகாயும் நிறுத்து நிறுத்து, வாயில் சரியான மலாய் வராமல் போய்விட்டது என்று பரிதாபப்பட்டேன்.

எங்கள் பக்கத்தில் கிலாங் என்றால் ஒன்றுதான். ரப்பர் முடிந்து செம்பனை தொடங்குகிற எல்லைக்கு அப்பால், எண்ணெய் ஆலை. மேட்டில் ஏறி நின்றால் அதன் புகைபோக்கி தெரியும். ஆக, எட்டு மாதமாக அப்பா எங்கள் கண்ணுக்கெட்டிய தூரத்தில்தான் இருந்திருக்கிறார், ஒருவருக்கும் போய்ப் பார்க்கத் தோன்றவில்லை. பெரியவர்கள் மேல் அன்றைக்குப் போன மரியாதை இன்னும் முழுதாகத் திரும்பி வரவில்லை. இப்போது நானே பெரியவள் ஆனபிறகு அதற்கான காரணம் கூடியிருக்கிறது.

புதன்கிழமை காலை சீருடை போட்டு, இரட்டைச் சடை பின்னி, பையில் நாலு பிஸ்கட்டோடு கிளம்பினேன். பள்ளிக்கூடம் இடது பக்கம். நான் வலது பக்கம் திரும்பினேன். ஓடிப்போவது இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

ரப்பர்க் காட்டில் வெளிச்சம் உண்டு. செம்பனைக்குள் இல்லை. இரண்டு பக்கத்து மட்டைகளும் தலைக்கு மேல் கைகோத்துக்கொண்டு வானத்தை மூடியிருந்தன. மண்சடக்குப் பாதையில் என் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. பாம்புகளுக்குக் கேட்கட்டும் என்று மலாயில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே நடந்தேன். எட்டாம் வாய்ப்பாட்டில் பாதி மறந்துவிட்டது. பாம்புகளுக்கும் தெரியாது என்ற தைரியத்தில் தப்பாகவே முடித்தேன். குலை ஏற்றிய லோரிகள் என்னைக் கடந்து போயின. அவை சிந்திய சிவப்புப் பழங்கள் வழி காட்டின.

ஆலை வாசலில் மலாய்க் காவல்காரர். "ஹாங் நாக் பி மானா?" என்றார். நீ எங்கே போகிறாய் என்பதற்குக் கெடா மலாய். எங்கள் பாடப்புத்தகத்தில் ஹாங் கிடையாது. நான் நிமிர்ந்து நின்று, சுத்தமான புத்தக மலாயில், "ஐயா, நான் என் தந்தையாரைச் சந்திக்க விரும்புகிறேன்" என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். கெடாவில் வாயால் அப்படிப் பேசிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். நேராக, லோரிகளை எடை போடும் அறையில் இருந்த தமிழ் அக்காவிடம் கொண்டுபோய் விட்டார்.

அக்கா என் அப்பா பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு, "இங்க வேல செய்றாருன்னு யாரும்மா சொன்னா?" என்றார்.

"மாமா."

"எப்படிச் சொன்னாரு? அவரு சொன்ன மாதிரியே சொல்லு."

"'கிளாங்ல இருக்கானாம்லா'ன்னு சொன்னாரு. அவருக்குச் சரியா சொல்ல வராதுக்கா."

அக்காவின் பேனா நின்றுவிட்டது. எடைச் சீட்டுக்காக ஜன்னலோரம் நின்ற லோரிக்காரர், "அடக் கடவுளே, இது கிளா..." என்று ஆரம்பித்தார்.

"அண்ணே, சீட்டு வாங்கிட்டீங்கள்ல? லோரிய நவுத்துங்க. பின்னால ஆள் நிக்குது."

பின்னால் யாரும் இல்லை. அவர் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டு போனார். மாமாவின் உச்சரிப்புக்கு இத்தனை பேர் வருத்தப்படுகிறார்களே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

"அப்பாவ பாத்தா என்ன சொல்லப்போற?"

"வெள்ளிக்கிழம ஜித்ராவுக்குப் போயிருவோம். அதுக்குள்ள சொல்லணும். இல்லாட்டி அவரு வந்து தேடுவாரு."

அக்கா பேனாவை மூடி வைத்தார். பிறகு ஆணியில் தொங்கிய மஞ்சள் தலைக்கவசத்தை எடுத்து என் தலையில் வைத்தார். அது மூக்குவரை இறங்கியது. "வா. கேட்டுப் பாத்துருவோம்."

அதற்குப் பிறகு நான் எத்தனையோ பெரிய கோயில்களுக்குப் போயிருக்கிறேன், விமானத்தில்கூட ஏறியிருக்கிறேன். அந்த ஆலைக்குள் நுழைந்தபோது வாய் திறந்த அளவுக்கு வேறெங்கும் திறந்ததில்லை. மலை மலையாகக் குலைகள். அவற்றை நிரப்பிய இரும்பு வண்டிகள் தண்டவாளத்தில் தாமாக நகர்ந்து, வீட்டைவிட நீளமான ஓர் இரும்புக் குகைக்குள் போயின. கதவு மூடியது. பக்கத்துக் குகையின் கதவு திறந்ததும் வெள்ளை ஆவி சீறிப் பாய்ந்து கூரையைத் தொட்டது. ஆவிக்குள்ளிருந்து ஆட்கள், முதலில் கால், பிறகு இடுப்பு, கடைசியில் முகம் என்று துண்டு துண்டாக வெளியே வந்தார்கள். ஒவ்வொரு முகமும் அப்பாவாக இருக்கலாம். தரை என் செருப்புக்கு அடியில் நடுங்கியது. எங்கோ ஒரு பெரிய உருளை குலைகளைத் தூக்கித் தூக்கி அடித்தது. கடைசியில் ஒரு தொட்டியில், விளக்கு வைத்தது போன்ற ஆரஞ்சு நிறத்தில், எண்ணெய் சத்தமில்லாமல் வந்து விழுந்தது. இத்தனையையும் நடத்துகிற இடத்தில் வேலை செய்கிறவருக்கு, வீட்டுக்கு வர நேரமில்லாமல் போனதில் ஆச்சரியமே இல்லை. எட்டு மாதக் கோபம் எனக்கு அங்கேயே கரைந்துவிட்டது.

அக்கா ஒவ்வோர் ஆளிடமும் என்னை நிறுத்தி, சத்தத்துக்கு மேல் கத்தி, அப்பாவின் பெயரைச் சொல்லிக் கேட்டார். தமிழரிடம் தமிழில், மலாய்க்காரரிடம் மலாயில். ஒருவரும் சிரிக்கவில்லை. காதில் அடைத்திருந்த பஞ்சை எடுத்துவிட்டுக் கேட்டார்கள். யோசித்தார்கள். "நான் பாக்கலையே தங்கச்சி" என்றார்கள்.

கடைசியாக பாய்லர். பனைநாரையும் கொட்டை ஓடுகளையும் தின்று எரிகிற நெருப்பு, சின்னக் கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்தது. அதைக் காத்துக்கொண்டிருந்த அண்ணன், கழுத்தில் சிலுவை போட்டவர், விஷயத்தைக் கேட்டுவிட்டு அக்காவோடு கண்ணாலேயே ஏதோ பேசினார். பிறகு சுவரைக் காட்டினார். அங்கே ஒரு கரும்பலகை, அதில் மணிக்கு மணி நீராவிக் கணக்கு.

"ஷிப்ட்டு மாறுறப்ப வர்றவன் எல்லாம் மொதல்ல இந்தப் போர்டத்தான் பாப்பான். எழுத வருமா ஒனக்கு?"

என்னிடம் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. அவர் தோள்துண்டால் பாதிப் பலகையைத் துடைத்தார். நான் ஒரு டின் மேல் ஏறி நின்று எழுதினேன். 'அப்பா, நாங்கள் ஜித்ராவுக்குப் போகிறோம். மாமா கடையில் இருப்போம். பழைய வீட்டுக்குப் போக வேண்டாம். பூட்டியிருக்கும்.' கீழே என் பெயர், இரண்டாம் ஆண்டு.

எழுதி முடித்துத் திரும்பினால், பின்னால் ஐந்தாறு பேர், எண்ணெய்க் கைகளை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வாசித்துக்கொண்டு நின்றார்கள். தமிழ் தெரியாத ஒருவருக்குப் பக்கத்தில் நின்றவர் காதோரம் மொழிபெயர்த்தார். அவர் கேட்டுவிட்டு நெருப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நான் அழிக்க மாட்டேன்மா" என்றார் பாய்லர் அண்ணன். "மிச்சப் பாதி எனக்குப் போதும்."

அன்று அங்கே ஒருவர்கூட என்னிடம் பொய் சொல்லவில்லை. அது எவ்வளவு கஷ்டமான காரியம் என்பது, பிள்ளை பெற்று வளர்த்த பிறகுதான் தெரிந்தது.

மத்தியானம் அக்காவே என்னோடு லோரியில் ஏறி வந்து வீட்டில் விட்டார். வாசலில் அம்மாவும் அவரும் வெகு நேரம் மெதுவாகப் பேசினார்கள். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டார். நான் உள்ளே, அடி விழுந்தால் ஓடிச் சுற்றுவதற்கு வசதியாக, கட்டிவைத்த மூட்டைகளுக்கு நடுவில் ஓர் இடம் பார்த்து வைத்துக்கொண்டேன்.

அக்கா போனதும் அம்மா வந்து எனக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார். கையில் இன்னும் பால் வாடை. அடிக்கவில்லை.

"போர்டுல என்ன எழுதுன? சொல்லு."

ஒப்பித்தேன்.

"இன்னொருவாட்டி."

இன்னொரு முறையும் ஒப்பித்தேன்.

"மாமா கட பேர எழுதலையா?"

"இல்லம்மா."

"பஸ் ஸ்டேண்டுக்குப் பின்னால சந்துன்னு?"

"அதுவும் எழுதல."

அம்மா எழுந்து, கலைந்திருந்த ஒரு மூட்டையை இழுத்து முடிச்சை இறுக்கினார்.

"அதையும் எழுதிருக்கலாம்" என்றார், எனக்கு முகம் காட்டாமல்.

நான் அதைத் திட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.